தெக்குப் பக்கம் ஒரு திட்டிவாசல்

ஏப்ரல் 12

தகரக் கொட்டகையில இன்னையோட கடைசி. நாளைக்குச் சாமான் எல்லாத்தையும் புதுக் காம்ப்ளெக்ஸுக்கு ஏத்தணும். வளையல் பெட்டியை மட்டும் நானேதான் கட்டுவேன்னு சொல்லிட்டேன். ஆள் வச்சுக் கட்டினா பாதி நொறுங்கித்தான் வந்து சேரும்.

ராஜமணி டாக்கீஸ் இருந்த காலத்துல இருந்து எங்க கடைவரிசை டாக்கீஸ் தெருவைப் பார்த்துத்தான் இருந்துச்சு. படி இறங்கினா தெரு. போறவ வர்றவ எல்லாம் நின்னு ஒரு பொட்டு அட்டையாவது வாங்காமப் போக மாட்டா. தியேட்டரை இடிச்சுக் காம்ப்ளெக்ஸ் கட்டுறப்பவும், பழைய ஆளுகளைக் கைவிடக் கூடாதுன்னு தெருவோரத்துலயே தகரம் அடிச்சுக் குடுத்தாங்க. வெயில்ல மண்டை காஞ்சுச்சு, ஆனாலும் தெரு கண்ணு முன்னாடி இருந்துச்சு.

காலையில இந்து போனா. இந்துஜா, என் மக, ஒரே மக. ரெண்டு தெரு தள்ளி வாழ்க்கைப்பட்டிருக்கா. தானா வாழ்க்கைப்பட்டுக்கிட்டா. ஒரு லேப்ல ரத்தம் எடுக்கிற வேலை. பஸ் பிடிக்க இந்தத் தெருவழியாத்தான் நடந்து வரணும். கடைகிட்ட வர்றப்ப நடை குறையும். வாசல்ல தொங்குற கண்ணாடியில துப்பட்டாவைச் சரி பண்ணுற மாதிரி நிப்பா. நான் வளையல் அடுக்குற மாதிரி நிப்பேன். ஒரு வார்த்தை பேசுறது கிடையாது. அப்புறம் போயிருவா.

பேச மாட்டேன்னு என் வீட்டுக்காரரு தலைமேல கைவச்சுச் சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன். அவ ஜெபராஜைக் கட்டிக்கிட்டு மாலையோட வந்து நின்ன அன்னைக்குத்தான் இவருக்கு நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்துக்கிட்டே கையைப் பிடிச்சு வாங்கின சத்தியம். "அவகிட்ட நீ ஒரு வார்த்தை பேசினா என்னைப் பொணமாத்தான் பார்ப்ப"ன்னாரு. மூக்குல குழாயோட கிடக்கிற மனுசன்கிட்ட என்னத்த வாதாடுறது? சரின்னேன். அன்னையில இருந்து ஒண்ணரை வருசமா வாயைத் தைச்சுக்கிட்டு இருக்கேன்.

பார்க்கக் கூடாதுன்னு அவர் சொல்லல. அதனால பார்க்கிறேன்.

அவ முழுகாம இருக்கா. நாலு மாசம் இருக்கும். யாரும் வந்து சொல்லல. நடையிலயே தெரிஞ்சுபோச்சு. பெத்தவளுக்கு இதைக்கூடவா ஒருத்தர் வந்து சொல்லணும்?

ஏப்ரல் 14

சித்திரை ஒண்ணு. ராஜமணி ஸ்கொயர் திறப்பு விழா. மேளம், வாழை மரம், ரோஸ் மில்க்.

கடை என்னமோ அம்சமாத்தான் இருக்கு. பளிங்குத் தரை, கண்ணாடிக் கதவு, ஏசி. 'சந்தனா ஃபேன்சி'ன்னு லைட்டு எரியுற போர்டு. இவரு போர்டையே பார்த்துக்கிட்டு நின்னாரு. "சந்தனமாரி, நீ எங்கயோ போயிட்டடி"ன்னாரு. சந்தோசமாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது.

அப்புறம் கல்லாவுல உக்காந்து வெளிய பார்த்தேன். முன்னாடி பூரா காரு நிக்கிற இடம். ஒரு மைதானம் அளவுக்குச் சிமெண்டுத் தரை. அதுக்கு அந்தாண்ட ஆள் உசரத்துக்கு மேல காம்பவுண்டுச் சுவரு. சுவருக்கு அந்தாண்ட டாக்கீஸ் தெரு. அந்தப் பக்கம் வாசலே கிடையாது. உள்ள வரணும்னா பைபாஸ் ரோட்டுக்குப் போய், அங்க இருக்கிற கிழக்குக் கேட்டு வழியா, கார் போற வழியிலயே நடந்து வரணும். நாங்க வெளிய போய் ஒரு சோடா வாங்குறதுன்னாலும் அப்படித்தான்.

கல்யாண வீட்டுல முன்வரிசை நாற்காலியைப் பூராம் காருக்குப் போட்டுட்டு, ஆளுகளைப் பின்னாடி நிக்கச் சொன்ன கதையா இருக்கு.

ஏப்ரல் 19

சுவருக்கு மேல பஸ்ஸோட கூரை மட்டும் தெரியுது. அதுல யார் ஏறுனாங்கன்னு எனக்கெப்படித் தெரியும்?

மே 3

யாவாரம் படுத்துக்கிச்சு. பக்கத்துக் கடை ஷாஜகான் பாய் மேட்சிங் சென்டர் வச்சிருக்காரு. பழைய வரிசையிலயும் எனக்கு அடுத்த கடைதான். பழைய பழக்கத்துக்கு மத்தியானம் வந்து நின்னு பேசிட்டுப் போறாரு.

"தங்கச்சி, நேத்து நம்ம ரேஷன் கடை சரோஜாவைப் பஸ் ஸ்டாப்புல பார்த்தேன். ஏம்மா ப்ளவுஸ் பிட்டு வாங்க வர மாட்டேங்குறன்னு கேட்டேன். அதுக்குள்ள வரணும்னா கார் வச்சிருக்கணும்போல பாய், எங்களை எல்லாம் விடுவாங்களான்னு கேக்குது."

"பாய், விடுவாங்க. ஆனா நடந்து வர்றவளைப் பார்த்தா அந்த செக்யூரிட்டி விசில் ஊதுறான்ல."

"அவனை எதுக்குத் திட்டுற? காருக்கு வழிவிடச் சொல்லி வச்சிருக்காங்க. அவன் வேலையைப் பார்க்கிறான்."

அதுவும் சரிதான். சாயங்காலம் ரெண்டு பேரு கார்ல வந்தாங்க. ஏசியில நின்னு போன் பேசிட்டுப் போனாங்க. ஒரு ஹேர்பின்கூட வாங்கல.

அஞ்சாம் மாசம் நடக்குது அவளுக்கு. மசக்கை தெளிஞ்சிருக்கும். மாங்காய் சாப்பிடுறாளோ என்னமோ. சின்னப் பிள்ளையில உப்புத் தொட்டுத் தின்னுட்டு வயித்தைப் பிடிச்சுக்கிட்டுக் கிடப்பா.

மே 21

காலையில ஒன்பது மணி வாக்குல, "பாய், கடையைப் பார்த்துக்கங்க, டீ குடிச்சிட்டு வர்றேன்"னு கிளம்பினேன். வெயில்ல அந்தச் சிமெண்டு மைதானத்தைத் தாண்டி, கிழக்குக் கேட்டைத் தாண்டி, பைபாஸைச் சுத்தி டாக்கீஸ் தெருவுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள பஸ் போயிருச்சு. மூச்சு வாங்க நிக்கிறேன். டீக்கடைக்காரன், "என்னக்கா, புதுக் கடையில டீ கிடைக்கலையா?"ன்னு கேலி பண்றான். வேண்டாத டீயைக் குடிச்சேன்.

திரும்பி வர்றப்ப ஆர்க்கிடெக்ட் தம்பி சுகந்தன் நின்னுக்கிட்டிருந்தாரு. கூரையில ஒழுகுதுன்னு பார்க்க வந்தவரு. காம்ப்ளெக்ஸுக்குப் பிளான் போட்டவரு இவருதான்னு பாய் சொன்னதும் எனக்குச் சுர்ருன்னு ஏறிருச்சு.

"ஏந்தம்பி, கட்டடம் கட்டுனது மனுசனுக்கா காருக்கா?"

கோவிச்சுக்குவாருன்னு நினைச்சேன். அவரு பாவம், தலையைச் சொறிஞ்சுக்கிட்டு, "நான் முதல்ல போட்டது இது இல்லக்கா"ன்னாரு. போனை எடுத்துப் படத்தைக் காட்டினாரு. கடைகள் பூரா டாக்கீஸ் தெருவை ஒட்டி, பழையபடி. மேல நிழலுக்குக் கூரை, நடக்க அகலமான பாதை, உக்கார மேடை. காரெல்லாம் பின்னாடி, வடக்குப் பக்கம்.

"முதலாளி வெளியூர்ல ஹைவேஸ்ல ஒரு ஷாப்பிங் மால் பார்த்துட்டு வந்தாரு. முன்னாடி வரிசையா கார் நின்னாத்தான் கெத்துன்னு சொல்லிட்டாரு. அந்த மாலுக்குச் சுத்திலும் ஊரே கிடையாதுக்கா, கார்லதான் போயாகணும். இங்க சுத்திலும் வீடு. ஊருக்கு நடுவுல கட்டிட்டு ஊருக்கு முதுகைக் காட்டிட்டு நிக்குது."

"சரி, தெருப்பக்கம் ஒரு கேட்டாவது வச்சிருக்கலாம்ல?"

"வாஸ்துக்காரர் விடல. தெக்கு வாசல் ஆகாதாம்."

முப்பது வருசமா தெக்கைப் பார்த்து உக்காந்துதானே சோறு தின்னேன்! அதைச் சொன்னேன். "அதையும் சொல்லிப் பார்த்தேன்க்கா. அதனாலதான் தியேட்டர் நொடிச்சுப்போச்சுங்கிறாரு"ன்னாரு. சிரிக்கிறதா அழுகிறதான்னு தெரியல.

நான் இதெல்லாம் யாவாரத்துக்காகத்தான் சொல்றேன். வேற ஒண்ணுமில்ல.

ஜூன் 8

ஞாயித்துக்கிழமை. இவரு பூண்டு உரிச்சுக் குடுத்தாரு. லேத் பட்டறையை மச்சான் பையன்கிட்ட விட்டதுல இருந்து வீட்டு வேலை எல்லாம் பழகிட்டாரு. சாயங்காலம் சொல்லாமலே மல்லிகைப்பூ வாங்கிட்டு வந்தாரு. தங்கமான மனுசன்தான். அந்த ஒரு பேச்சை எடுத்தா மட்டும் மூஞ்சி கல்லாயிரும்.

பூவை ரெண்டாக் கிள்ளினேன். பழக்கதோசம். அப்புறம் முழுசையும் நானே வச்சுக்கிட்டேன். இவரு பார்த்துட்டு டிவி சத்தத்தைக் கூட்டி வச்சாரு.

ஜூன் 27

பாய் வீட்டு அக்கா கடைக்கு வந்துச்சு. அது லேப்புக்குச் சுகர் பார்க்கப் போயிருக்கு. அங்க இந்துதான் ரத்தம் எடுத்திருக்கா.

"ஏழு மாசமாச்சாம். நல்லாத்தான் இருக்கா. மாமியா தங்கமா வச்சிருக்காம். ஆனா கையில ஒரு வளையல்கூட இல்ல, சந்தனமாரி. கேட்டேன். அவங்க சபையில நகை நட்டு, வளைகாப்பு எதுவும் வழக்கம் இல்லையாம். அவ கேக்கவும் இல்லையாம்."

"ஓ"ன்னேன். அந்த அக்கா போனப்புறம் கண்ணாடி வளையல் பெட்டியைத் திறந்து தூசி தட்டினேன். தட்டினதையே தட்டினேன். ஊர்ல உள்ள மாசமான பிள்ளைகளுக்கு எல்லாம் என் கையால அடுக்கி விட்டிருக்கேன். வலிக்காம போட்டு விடுறதுல என்னை மிஞ்ச ஆள் கிடையாது, பெருமைக்குச் சொல்லல. பெத்த பிள்ளை மொட்டைக் கையோட பிரசவத்துக்குப் போகப் போறா.

இதை யார்கிட்டச் சொல்ல?

ஜூலை 9

மத்தியானம். கடையில ஆளில்ல. சும்மா வெளிய பார்த்துக்கிட்டு இருக்கேன். கிழக்குக் கேட்டு வழியா ஒரு குடை வருது. பூப்போட்ட குடை. நடையைப் பார்த்ததும் தெரிஞ்சுபோச்சு, இந்து. வயித்தைத் தாங்கிக்கிட்டு அந்தக் கொதிக்கிற சிமெண்டுல என் கடையைப் பார்த்துத்தான் நடந்து வர்றா. எந்திரிச்சுட்டேன், ஓடிப் போகத் தோணல. கல்லாவைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன்.

பாதி தூரம் வந்திருப்பா. வரிசையில நின்ன ஒரு வெள்ளைக் கார் பின்னால எடுக்குது. குடை மறைச்சிருச்சு, இவ பார்க்கல. "இந்து!"ன்னு கத்துறேன். கண்ணாடிக் கதவு, ஏசி, யாருக்குக் கேக்கும்? கையால கண்ணாடியைத் தட்டுறேன். செக்யூரிட்டி விசில் ஊதினான். கார் நின்னுச்சு. அவ தடுமாறிப் பின்னாடி நகர்ந்தா. குடை கீழே விழுந்துருச்சு. கார்க்காரன் கண்ணாடியை இறக்கி என்னமோ சொன்னான். அவ குனிய முடியாமக் குனிஞ்சு குடையை எடுத்தா. கடைப்பக்கம் ஒரு தடவை பார்த்தா. அப்புறம் வந்த வழியே திரும்பிப் போயிட்டா.

நான் கதவைத் தள்ளிக்கிட்டு வெளிய ஓடுறதுக்குள்ள கேட்டைத் தாண்டிட்டா. அடியொண்ணும் படல, பாய் போய்ப் பார்த்துட்டு வந்து சொன்னாரு. "நல்லா நடந்துதான் போகுது தங்கச்சி, நீ உக்காரு, தண்ணி குடி."

அவ என்கிட்ட வரத்தான் வந்தா. ஒண்ணரை வருசத்துல முதல் தடவை. வாசல் வரைக்கும் வரவிடாமத் திருப்பி அனுப்பிட்டானுங்க இந்தக் காருக்குப் பொறந்தவனுங்க.

ஜூலை 11

கடைக்காரங்க கூட்டம். சின்ன முதலாளி அருணாசலம் வந்திருந்தாரு. ராஜமணி டாக்கீஸ் முதலாளியோட மகன். சின்னப் பையனா என் கடையில பம்பரம் வாங்கின ஆளு. சுகந்தன் தம்பியும் இருந்தாரு. எல்லாரும் கரண்ட்டு சார்ஜ், லிஃப்ட்டு, குப்பைன்னு பேசிக்கிட்டு இருந்தாங்க. நான் எந்திரிச்சேன்.

"முதலாளி, டாக்கீஸ் தெருப்பக்கம் சுவத்தை உடைச்சு வாசல் வைங்க. முன்னாடி நிக்கிற காரையெல்லாம் பின்னாடி தள்ளுங்க. நடந்து வர்றவளுக்கு வழி வேணும்."

"அக்கா, தெக்கு வாசல் ஆகாதுன்னு..."

"யாரு சொன்னது?" எனக்கு வாயில வந்ததை நிறுத்த முடியல. "மதுரையில பொறந்துட்டு இந்தப் பேச்சு பேசலாமா? மீனாட்சியம்மன் கோயில்ல நாலு கோபுரத்துல எது உசரம்? தெக்குக் கோபுரம். அதுக்குக் கீழ இருக்கிறது வாசலா, ஜன்னலா? தெற்காவணி மூல வீதி பூரா நகைக்கடை. ஒருத்தனாவது நொடிச்சுப் போனானா? தெக்குவாசல்னே ஒரு ஏரியா இருக்கு, பொழுதுக்கும் நிக்க இடமில்லாம யாவாரம் நடக்குது. அந்த ஆத்தாளுக்கு ஆகுற திசை உங்களுக்கு ஆகாதாக்கும்?"

கூட்டம் கொல்லுன்னு சிரிச்சிருச்சு. பாய் கைதட்டினாரு. அருணாசலத்துக்கும் சிரிப்பு வந்துருச்சு, அடக்கிக்கிட்டாரு. "இருங்கக்கா"ன்னு போனை எடுத்து வாஸ்துக்காரருக்கே போட்டாரு. எல்லாருக்கும் கேக்குற மாதிரி ஸ்பீக்கர்ல. அந்த ஆளு பிடிச்ச பிடியில நின்னாரு. தெக்குல தலைவாசல் கூடவே கூடாதுன்னாரு.

அப்பத்தான் சுகந்தன் தம்பி போனுக்கிட்ட குனிஞ்சு, "ஐயா, தலைவாசல் கிழக்குலயேதான் இருக்கு. தெக்குல ஒரு திட்டிவாசல் மட்டும் வச்சுக்கலாமா?"ன்னு கேட்டாரு.

அப்புறம் அந்தப் பக்கம் இருந்து, "திட்டிவாசலா? அது வாசல் கணக்குல வராது. தாராளமா வைங்க"ன்னு பதில் வந்துச்சு.

கோட்டைக் கதவுல ஆள் மட்டும் நுழையுற மாதிரி சின்னக் கதவு இருக்கும்ல, அதுக்குப் பேரு திட்டிவாசல். தம்பி வரைஞ்சு காட்டுன திட்டிவாசல்ல ரெண்டு யானை சேர்ந்து நடக்கலாம். அருணாசலம் பார்த்துட்டு, "யோவ், இதுவா திட்டிவாசல்?"ன்னாரு. "பேரு அதான் சார்"னு சொல்லிட்டாரு தம்பி. தெருவுல இருந்து கடை வரைக்கும் நிழல் போட்ட நடைபாதை, அந்த வரிசைக் காரெல்லாம் வடக்குப் பக்கம். கடைகளை இனி நகர்த்த முடியாது, வழியையாவது நகர்த்தலாம்னாரு.

வெளிய வந்ததும் தம்பி கேட்டாரு, "அக்கா, இவ்வளவு ஆவேசமாப் பேசுறீங்களே, யாரு வரணும்?"

"கஸ்டமர்தான் தம்பி. வேற யாரு"ன்னேன்.

ஜூலை 14

கட்டையில போற பஞ்சாங்கம். வியாழக்கிழமை ஆடி பொறக்குதாம். ஆடியில சுவரை உடைச்சு வாசல் வைக்க மாட்டேன்னுட்டாரு அருணாசலம். ஆவணியிலதானாம். அவளுக்கு நாள் நெருங்கிக்கிட்டே இருக்கு, இவங்களுக்கு ஆடி.

ஆகஸ்ட் 1

சுவத்துல உடைக்க வேண்டிய இடத்துக்குச் சிவப்புப் பெயிண்டுல கோடு போட்டிருக்காங்க. போறப்ப வர்றப்ப தொட்டுப் பார்க்கிறேன். பாய் பார்த்துட்டு, "உன் கைபட்டே உடைஞ்சிரும் தங்கச்சி"ங்கிறாரு.

ஆகஸ்ட் 18

ஆவணி. உடைச்சாங்க! பூசணிக்காய் சுத்திப் போட்டு, அருணாசலமே முதல் சம்மட்டி போட்டாரு. பொத்தல் வழியா முதல்ல தெரிஞ்சது டீக்கடைக்காரன் மூஞ்சி. "அக்கா, டீ அங்கயே அனுப்பவா?"ன்னு கத்துறான். அங்க இருந்து காத்து வந்துச்சு. பஸ் சத்தம், பூக்காரி கூவுற சத்தம் எல்லாம் வந்துச்சு. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. தூசின்னு சொல்லிட்டேன்.

ஆகஸ்ட் 25

நடைபாதைக்குப் பச்சை வலை கட்டி நிழல் போட்டாச்சு. கல் மேடையில ஸ்கூல் பிள்ளைக உக்காந்து ஐஸ் திங்குது. ரேஷன் கடை சரோஜா வந்து ஒரு ரிப்பன் வாங்கி, பாய் கடையில ப்ளவுஸ் பிட்டும் எடுத்துட்டுப் போச்சு. இன்னைக்கு மூணு வளையல் யாவாரம். அருணாசலம் மாடியில நின்னு கூட்டத்தைப் பார்த்து மீசையைத் தடவிக்கிட்டாரு. எல்லாம் அவரு யோசனை மாதிரி.

காலையில பஸ் நேரத்துக்குத் திட்டிவாசல்கிட்டப் போய் நின்னேன். பஸ் வந்துச்சு, போச்சு. நேத்தும் நின்னேன். அதுக்கு முந்தின நாளும் நின்னேன்.

ஆகஸ்ட் 27

பாய் வீட்டு அக்கா லேப்புல விசாரிச்சிட்டு வந்துச்சு. இந்து லீவு போட்டுட்டாளாம். ஒன்பதாம் மாசம், இனி பிள்ளை பெத்துத்தான் வருவாளாம்.

அதானே! மாசமானவ எத்தனை நாளைக்குப் பஸ் ஏறுவா? இது எனக்குத் தோணவே இல்ல பாரு. நாலு மாசமா மல்லுக்கு நின்னு வழியைத் திறந்து வச்சா, வர வேண்டியவ வீட்டுக்குள்ள இருக்கா. ஊரே அந்த வழியா வருது. யார் வந்து என்ன?

இவரு ராத்திரி சாப்பிடறப்ப, "யாவாரம் நல்லாயிருச்சாமே, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"ன்னு கேட்டாரு. "கால் வலி"ன்னேன். சுடுதண்ணி வச்சுக் குடுத்தாரு. கோபம் வருது, கோபப்படவும் முடியல.

ஆகஸ்ட் 30

இன்னைக்கும் திட்டிவாசல்கிட்டப் போய் நின்னேன். அவ இல்ல.

செப்டம்பர் 3

இன்னைக்கு நடந்ததை ஒழுங்கா எழுதணும். அவசரப்படாம எழுதணும்.

காலையில பதினோரு மணி இருக்கும். கடையில ஒரு அம்மா பொட்டு பார்த்துக்கிட்டு இருந்துச்சு. பாய் அவரு கடை வாசல்ல இருந்து, "தங்கச்சி"ன்னு ஒரு மாதிரியாக் கூப்பிட்டாரு. நிமிர்ந்தேன். நடைபாதை நிழல்ல வெள்ளைச் சேலை கட்டின ஒரு அம்மா வருது. காது, கழுத்து எல்லாம் வெறுமை. கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வர்றது என் இந்துவை.

நடுவுல மேடையில உக்காந்து ஒரு மூச்சு வாங்கினா. அப்புறம் எந்திரிச்சு மெதுவா நடந்து, கதவைத் தள்ளி, உள்ள வந்துட்டா. வயிறு நல்லா இறங்கியிருக்கு. மூஞ்சி பூரிச்சுப் போயிருக்கு.

"சம்பந்தியம்மா, நான் எஸ்தர். ஜெபராஜோட அம்மா"ன்னு அந்த அம்மா கும்பிட்டுச்சு. என்னைச் சம்பந்தின்னு இதுவரைக்கும் ஒருத்தரும் கூப்பிட்டதில்ல. ஸ்டூலை எடுத்துப் போட்டேன்.

"எங்க சபையில வளைகாப்பெல்லாம் வழக்கம் இல்லைங்க. நான் போடச் சொல்லவும் மாட்டேன், தடுக்கவும் மாட்டேன். ஆனா பிள்ளை ஒரு வாரமா வெறுங்கையைத் தடவிக்கிட்டே உக்காந்திருக்கு. எனக்குப் பொறுக்கல. அன்னைக்கு வந்து காருக்குப் பயந்து திரும்பிட்டாளாம். இப்ப நடந்து வர வழி விட்டிருக்காங்கன்னு கேள்விப்பட்டேன், கூட்டிட்டு வந்துட்டேன்."

"அம்மா"ன்னா இந்து.

சத்தியம் ஞாபகம் வந்துச்சு. மூக்குல குழாயோட இவரு ஞாபகம் வந்துச்சு. நான் எஸ்தரம்மா பக்கம் திரும்பி, "கையை நீட்டச் சொல்லுங்க"ன்னேன்.

எஸ்தரம்மா முழிச்சுச்சு. "இந்தா, பக்கத்துலதானே இருக்கா..." அப்புறம் புரிஞ்சிருச்சு போல. "இந்தும்மா, கையை நீட்டு. உங்கம்மா சொல்றாங்க."

நீட்டினா. கையைப் பிடிச்சேன். எவ்வளவு நாளாச்சு அந்தக் கையைத் தொட்டு! கை வீங்கியிருக்கு. அவளுக்கு எப்பவும் போடுற அளவு பத்தாதுன்னு தெரிஞ்சுபோச்சு. ஒரு சைஸ் பெருசா எடுத்தேன். பச்சையும் சிவப்பும்.

"கை இப்படி வீங்கியிருக்கே, உப்பைக் குறைக்கச் சொல்லுங்க."

"குறைச்சுட்டேன்னு சொல்லுங்கத்தை. டாக்டரும் சொன்னாங்கன்னு சொல்லுங்க."

"ராத்திரி தூங்குறாளான்னு கேளுங்க."

"எங்க தூங்குறது? ரெண்டு பக்கமும் உதைக்குதுன்னு சொல்லுங்க."

"அப்ப இவளை மாதிரியே அடங்காததுன்னு சொல்லுங்க."

"யாரை மாதிரின்னு அவங்களையே கண்ணாடியில பார்த்துக்கச் சொல்லுங்க."

எஸ்தரம்மா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பிக் கடைசியில, "ஏம்மா, நான் என்ன டெலிபோன் எக்ஸ்சேஞ்சா?"ன்னு கேட்டுச்சு. பொட்டு வாங்க வந்த அம்மா சிரிச்சிருச்சு. இந்துவும் சிரிச்சா. சிரிச்சுக்கிட்டே அழுதா. நான் தலையைக் குனிஞ்சு வளையலைப் போட்டுக்கிட்டே இருந்தேன். ஒண்ணுகூட உடையல. கை நிறைஞ்சதும் கன்னத்தைத் தொட்டு நெட்டி முறிச்சேன். அதுக்குப் பேச்சு வேண்டாமே.

கிளம்புறப்ப எஸ்தரம்மா, "எனக்கு ஜெபக்கூட்டம் இருக்கு. நான் முன்னாடி விறுவிறுன்னு போறேன். நீங்க ரெண்டு பேரும் பைய வாங்க"ன்னு சொல்லிட்டு நிஜமாவே போயிருச்சு. அந்த அம்மா லேசுப்பட்ட ஆளில்ல.

கடையைப் பாய்கிட்ட விட்டுட்டுக் கூட நடந்தேன். நிழலைத் தாண்டி, திட்டிவாசலைத் தாண்டி, டாக்கீஸ் தெரு. அவ ஒரு அடி வச்சா நான் ஒரு அடி. பேச்சில்ல. கையை ஆட்டுறப்ப வளையல் மட்டும் சலசலங்குது. அவ தெரு திரும்புற இடத்துல நின்னா.

"ஏம்மா, இந்தச் சத்தம் உள்ள பிள்ளைக்குக் கேக்குமா?"

யார்கிட்டச் சொல்லச் சொல்லுறதுன்னு சுத்திப் பார்த்தேன். ஒரு ஈ காக்கா இல்ல. டிரான்ஸ்ஃபார்மர்கிட்ட ஒரு மாடு மட்டும் நின்னுச்சு. அவ வயித்துல கையை வச்சுக்கிட்டு என் வாயையே பார்க்கிறா.

"கேக்கும் இந்து"ன்னேன்.

அவ கையை ஒருதரம் ஆட்டிக் காட்டிட்டு அவ தெருவுக்குள்ள போயிட்டா. அவ போனப்புறம்தான் எனக்கு உறைச்சுச்சு. பேசிட்டேன். சத்தியத்தை மீறிட்டேன். கடைக்குப் போகல. செருப்பு அந்துபோற மாதிரி வீட்டுக்கு ஓடினேன்.

இவரு சாப்பிட்டுட்டுக் கட்டில்ல மல்லாந்து படுத்திருந்தாரு. அசைவே இல்ல. கிட்டப் போகப் பயமா இருந்துச்சு. ஃபேனுக்குக் கீழ சட்டை மட்டும் படபடங்குது. பக்கத்துல உக்காந்து நெஞ்சையே பார்த்தேன். ஏறுச்சு. இறங்குச்சு. அப்புறம் ஒரு குறட்டை விட்டாரு பாரு, அந்தச் சத்தத்தைக் கேட்டு அப்படி ஒரு நிம்மதி எனக்கு எந்தக் காலத்துலயும் வந்ததில்ல.

கண்ணு முழிச்சு, "என்னடி, கடையைப் போட்டுட்டு இந்நேரத்துல?"ன்னாரு.

"ஒண்ணுமில்ல. உங்களுக்கு உடம்பு எப்படி இருக்குன்னு பார்க்க வந்தேன்."

"எனக்கென்ன? கல்லு மாதிரி இருக்கேன்"னு திரும்பிப் படுத்துக்கிட்டாரு.

சரி. அவரே சொல்லிட்டாரு.

நாளைக்குக் காலையில இந்து வீட்டுக்குப் போகப் போறேன். உப்பில்லாத நார்த்தங்காய் ஊறுகாய் போட முடியுமான்னு தெரியல, வேற ஏதாவது செஞ்சு எடுத்துட்டுப் போகணும். ஆட்டோ எல்லாம் வேண்டாம். நடந்து போற தூரம்தான்.